படிக்கு இந்தப் பக்கம்

— உங்க பக்கம் தூக்குங்க. தூக்குங்கன்னா இழுக்கறீங்களே!

— தூக்கிட்டுத்தான் இருக்கேன். உன் பக்கம்தான் சோபா கால் படியில மாட்டிட்டு நிக்குது.

— ஆ... அம்மா! போச்சு, கட்டை விரல் போச்சு. பாழாப்போன கல்லு! வாசப்படியில இவ்வளவு உயரத்துக்கு யாராவது கல்லு வைப்பாங்களா? ஊருக்கெல்லாம் வீடு கட்டற கொத்தனார், கட்டின பொண்டாட்டி காலை ஒடைக்கறதுக்குன்னே அளவெடுத்து வச்சிருக்கீங்க.

— அது மழைத் தண்ணிக்கு வச்சது. இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு உள்ள வந்திருக்கா, சொல்லு. நான் வச்ச கல்லு. வச்சா வச்சதுதான்.

— தெரியுமே. வச்சா வச்சதுதான், சொன்னா சொன்னதுதான். மெதுவா, மெதுவா... அப்பாடா, வந்துருச்சு. அந்தச் சுவரோட ஒட்டித் தள்ளுங்க.

— இதுக்கு ஒரு பக்கம் கையே இல்ல. இதைப் போய் போர்டிகோவுல போட்டா தெருவே சிரிக்கும்.

— கையில்லாத பக்கத்தைச் சுவரோட ஒட்டிட்டா யாருக்குத் தெரியும்? மேல ஒரு துப்பட்டியை விரிச்சா ராஜா வீட்டுச் சோபா.

— அதை விடு. உனக்கு என்னதான் ஆச்சு? என் வண்டியை மரத்தடிக்குத் துரத்திட்ட. சிமெண்டு மூட்டையைக் கொல்லைக்குத் துரத்திட்ட. அடுத்தது நான்தான் போல.

— நீங்க ஒழுங்கா உக்காரத் தெரிஞ்ச ஆளா இருந்தா உங்களுக்கும் இங்க ஒரு இடம் உண்டு. பாருங்களேன், பெருசா ஒரு செலவும் இல்ல. அந்த விளக்கு, மாடி வீட்டு டீச்சர் குப்பையில போட வச்சிருந்தது. ஓட்டைக் கூடையைக் கவுத்து மாட்டினேன், வெளிச்சம் பூப்பூவா விழுது. செடியெல்லாம் உங்க பெயிண்டு வாளியில. திரைக்கு என் பழைய சேலை.

— சாரல் மேற்கால இருந்து அடிச்சா உன் சேலை தாங்குமா? அதுக்குப் பின்னாடி தார்ப்பாய் கட்டி, சுருட்டி ஏத்தற மாதிரி கயிறு விட்டது யாரு?

— நீங்கதான். யாரு இல்லன்னா? சும்மா சொல்லக் கூடாதுங்க, எல்லாத்தையும் விட இந்தத் தரைதான் அழகு.

— பின்ன? நீ பண்ணி வச்சிருந்த கூத்தை அப்படியே விட்டுட்டுப் போகச் சொல்றியா? நான் சேத்து வச்ச மிச்ச டைல்ஸை எடுத்து, கோழி கிளறின மாதிரி மண்ணுல பரப்பி வச்சிருந்த. வேலைக்குப் போற மனுஷன் கண்ணுல பட்டா கை சும்மா இருக்குமா?

— இருக்காதுன்னு தெரிஞ்சுதானே கோணலா வச்சேன்.

— என்னது?

— ஒண்ணுமில்ல. இந்த நீலம் யார் வீட்டுது?

— டாக்டரம்மா வீட்டுக் குளியலறை. அந்தக் கட்டம் போட்டது பேக்கரிக்காரர் கடை. நீ நிக்கற இடம் வக்கீல் வீட்டுச் சமையக்கட்டு.

— நம்ம போர்டிகோவுல நின்னா பாதி ஊரு வீட்டுக்குள்ள நின்ன மாதிரி. ஒரு வீட்டுக்காரியும் என்னை வெரட்ட முடியாது.

— நிறத்தை மட்டும் பாத்தா போதுமா? வாட்டத்தைப் பாரு. ஒரு குடம் தண்ணி ஊத்து, நேரா தெருப் பக்கம் ஓடும். வீட்டுப் பக்கம் ஒரு துளி திரும்பாது. மட்டம் பாக்கறதுல ஊருலயே எனக்கு...

— எதிராளி கிடையாது. தெரியுமே. அப்படியே இந்தப் பெஞ்சையும் ஒரு தடவை பாத்துருங்க. உக்காந்தா லேசா ஆடுது.

— ஆடுதா? நான் போட்ட பெஞ்சா? ரசமட்டத்தை எடு. ...ம், குமிழி நடுவுல நிக்கல. அந்தக் கால்ல செங்கல் உக்காந்துருச்சு. ஒரு ஓட்டுத்துண்டு குடு. இன்னும் மெல்லிசா. ஆங், அதுதான். இப்ப உக்காரு.

— அசையல. கல்லு மாதிரி நிக்குது.

— நிக்கும். சாரத்துல நாலு ஆளைத் தாங்கின பலகை, உன்னைத் தாங்காதா? அதை விடு. எதுக்கு இவ்வளவு நீளம்? ஆறடிக்குக் கொறையாம வேணும்னு ஒத்தக் கால்ல நின்ன.

— காலை நீட்டி உக்காரத்தான்.

— நீ இருக்கற உயரத்துக்கு நாலடி போதும். இந்த வீட்டுல எவன் ஆறடிக்குக் காலை நீட்டப் போறான்?

— இருங்க, மேல விரிக்கறதை எடுத்துட்டு வந்துடறேன். ...அப்பா, என்ன தூசி! இந்த முனையைப் பிடிங்க. கவரைக் கிழிங்க. கவலைப்படாதீங்க, உள்ள புத்தம் புதுசு.

— பொறு. இது என்ன மெத்தை?

— மெத்தைன்னா மெத்தைதான்.

— இது பரண்ல இருந்ததுதானே? அவ கல்யாணத்துக்குன்னு வாங்கினது.

— ஆமா. நம்ம பாப்பாவோடது.

— பெஞ்சுக்கு இது அளவெடுத்த மாதிரி உக்காருது.

— மாதிரி இல்ல. இதை அளந்துதான் பலகை கேட்டேன்.

— யாரு வரா?

— அவ வரா. நாளைக்குக் காலையில. ராத்திரி தங்கிட்டு, மறுநாள் வேலைக்குப் போறா.

— ஓகோ! இதுக்குத்தானா இத்தனை நாடகம்? டைல்ஸை ஒட்ட வச்சு, பெஞ்சைப் போட வச்சு, தார்ப்பாயைக் கட்ட வச்சு, எல்லாத்தையும் என் கையாலயே செய்ய வச்சுட்ட. நான் சொன்னது மறந்து போச்சா? அவ என் வாசப்படி தாண்டி வரக் கூடாது. சொன்னா சொன்னதுதான்.

— மறக்கல. நீங்க சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம ஞாபகம் வச்சிருக்கேன். வாசப்படி எங்க இருக்கு? அந்தா, கதவுக்கிட்ட. இப்பதான் என் விரலைப் பேத்துச்சு. நாம எங்க நிக்கறோம்? படிக்கு இந்தப் பக்கம். போர்டிகோவுக்கு வரக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்ல.

— வாய் ரொம்பத்தான் நீண்டு போச்சு.

— உங்களோட குடும்பம் நடத்தினா நீளாதா? உங்க வார்த்தையை நான் மீறல. உங்களையும் மீற வைக்கல. வார்த்தைக்கு வெளிய எவ்வளவு இடம் இருக்கோ, அதுல ஒரு ரூம் கட்டிக்கிட்டேன்.

— கல்யாணத்துக்கு மொத நாள் எனக்கு வேண்டாம்னு எழுந்து போனவ அவ. மறுநாள் காலையில மண்டப வாசல்ல நின்னு, வந்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் கல்யாணம் இல்ல, போயிட்டு வாங்கன்னு சொன்னவன் நான். என்னோட வேலை செய்யற மேஸ்திரி, சித்தாளு எல்லாரும் குடும்பத்தோட வந்திருந்தாங்க. உனக்கு அது தெரியாது. நீ உள்ள அழுதுட்டு இருந்த.

— தெரியும். நீங்க திரும்பி வந்தப்ப உங்க மூஞ்சியைப் பாத்தது நான்தானே. அன்னைக்கு நானும் உங்க பக்கம்தான் நின்னேன். மாப்பிள்ளை அவளை வேலையை விடச் சொன்னான், கல்யாணத்துக்கு மொத நாள் வச்சு மெரட்டினான்னு அவ சொன்னப்ப கூட, அதுக்காக இப்படியா பண்ணுவன்னு கேட்டேன். இப்ப கேக்க மாட்டேன். அவ பண்ணினது சரி.

— சரின்னா எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். நானே நிறுத்தியிருப்பேன்.

— நிறுத்தியிருப்பீங்களா?

— ...அதை விடு. ரெண்டு வருஷமா அவளைப் பாக்காமத்தானே இருந்த? இப்ப மட்டும் என்ன?

— பாக்காமயா? யாரு சொன்னா? மாசா மாசம் பாக்கறேன்.

— எங்க?

— பஸ் ஸ்டாண்டுல. அவ வேலை பாக்கற ஊருலேயிருந்து பஸ்ஸுல வருவா, நான் இங்கேயிருந்து போவேன். கழிவறைக்குப் பக்கத்துல ஒரு பெஞ்சு இருக்கு, அங்கதான் கூட்டம் கொறைச்சல். அதுல உக்காந்து பேசிட்டு வருவோம். கண்டக்டர் வந்து, எந்த ஊருக்கும்மா போகணும், ஏறலையான்னு கேப்பான். எங்கயும் போகலப்பா, பேசத்தான் வந்தோம்னு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கும். ஏதாவது ஒரு ஊர் பேரைச் சொல்லி வைப்பேன். மூட்டையை வைக்கணும்னு எந்திரிக்கச் சொல்லுவாங்க. எந்திரிச்சு நின்னுக்கிட்டே பேசுவோம். போன தடவை அவளுக்குக் காய்ச்சல். எம் மடியில சாஞ்சா. போற வர்ற சனமெல்லாம் வேடிக்கை பாத்துச்சு. அன்னைக்கு முடிவு பண்ணினேன். எம் பொண்ணோட உக்காந்து பேச எனக்கு ஒரு இடம் வேணும். வேற எதுவும் வேண்டாம்.

— காய்ச்சலா? இப்ப எப்படி இருக்கு?

— இப்ப தேவலை.

— நான் பகல் பூரா சைட்டுலதானே கெடக்கேன். அந்த நேரத்துல உள்ள கூட்டிட்டு வந்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரியப் போகுது?

— கூப்பிடாம இருந்திருப்பேனா? கெஞ்சினேன். அப்பா சாயந்தரம்தான் வருவார், ஒரு வாய் சாப்பிட்டுப் போடின்னேன். என்ன சொன்னா தெரியுமா? அப்பாவுக்குத் தெரியாம தாண்டினாலும் தாண்டினதுதாம்மா, அவர் சொன்னா சொன்னதுதான்னா.

— அவளா சொன்னா?

— அவளேதான். அந்த மூக்கும் பிடிவாதமும் எங்கேயிருந்து வந்துச்சுன்னு நான் தேடிப் போகணுமா என்ன?

— ம்.

— அதனாலதான் இந்த ஏற்பாடு. போர்டிகோன்னா வரேன்னு ஒத்துக்கிட்டா. நீங்க காலையில கொல்லை வழியாக் கெளம்பிடுங்க, அவளைப் பாக்க வேண்டியதில்ல. உங்க வார்த்தைக்கு ஒரு கீறல் விழாது.

— ராத்திரிக்கு?

— அதான் மெத்தை இருக்கே. நான் கீழ பாய் போட்டுக் கூடப் படுத்துக்கறேன்.

— உனக்குப் புத்தி கித்தி இருக்கா? பொம்பளைப் புள்ளையைத் தெருவைப் பாக்கப் படுக்க வைப்பியா? கம்பி கிடையாது, கதவு கிடையாது. திரைக்கு அந்தப் பக்கம் போறவன் வர்றவன் நடந்துட்டு இருப்பான். காய்ச்சல் வந்து எழுந்த ஒடம்பு. விடியக்காலையில எவ்வளவு ஈரம் இறங்கும் தெரியுமா?

— தார்ப்பாயை இறக்கி விட்டுக்கறோம்.

— தார்ப்பாய் சாரலுக்கு. குளிருக்கு இல்ல.

— அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க? வேற எடம் இருந்தா சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டை விட இது எவ்வளவோ மேல். நாளைக்கு அவ இங்க வருவா, இந்த மெத்தையில படுப்பா. நான் இதுலேயிருந்து இறங்கறதா இல்ல.

— உளி எங்க?

— உளி எதுக்கு இப்ப?

— கேட்டதுக்குப் பதில் சொல்லு. உளியும் அந்தப் பெரிய சுத்தியும் எங்க வச்ச?

— கொல்லையில, சிமெண்டு மூட்டைக்குப் பின்னாடி. ஏங்க... எங்க போறீங்க? ஏங்க! கோவம்னா என்னைத் திட்டுங்க. பெஞ்சு மேல கை வைக்காதீங்க, சொல்லிட்டேன்.

— பெஞ்சை யாரு தொட்டா? மட்டம் பாத்துப் போட்ட பெஞ்சை ஒடைக்க எனக்கு என்ன பைத்தியமா? தள்ளு, வழியில நிக்காத.

— அங்க எதுக்கு உக்காரறீங்க? அது வாசப்படி.

— வச்சவனுக்குத் தெரியாதா? தரைக்கு வாட்டம் குடுத்தாச்சு, சாரலுக்குத் தார்ப்பாய் கட்டியாச்சு. இனிமே தண்ணியைத் தடுக்க இந்தக் கல்லு வேண்டாம்.

— நான் இத்தனை வருஷமா விரலைப் பேத்துக்கிட்டு கத்தினேன், அப்பல்லாம் வச்சா வச்சதுதான்னீங்க. அவளைப் பத்தி நீங்க சொன்ன சொல்லு என்ன ஆகறது?

— சொன்னது சொன்னதுதான். என் வாசப்படி தாண்டி அவ உள்ள வரக் கூடாது, அதுல ஒரு எழுத்து மாறாது. தூசி கெளம்பும், தள்ளி நில்லு. நாளைக்கு அவ வரும்போது, தாண்டறதுக்கு இங்க படியே இருக்காது.