மனம் நோகாத மொழிபெயர்ப்பு

எனக்குச் சண்டை பிடிக்காது. சாப்பாட்டு மேசையில் யாராவது குரலை உயர்த்தினால் எனக்குச் சோறு இறங்காது. நம் தமிழ்ச் சங்கத்தின் சார்பில் விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுவிஸில் நெடுங்காலம் இருந்துவிட்டு மொன்றியலுக்கு வந்தவள் நான். ஜேர்மன், இத்தாலியன், பிரெஞ்சு மூன்றும் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பே தொழிலாகிவிட்டது. இந்த வசந்தத்தில் இங்கே செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு மண்டபத்துக்கு அழைத்தார்கள். ஜேர்மனி, இத்தாலி, நம் கியூபெக் மாகாணம் என்று மூன்று இடத்துக் கட்சிகள் கைகோர்க்க வந்திருந்தன. அந்நியர் நாட்டுக்குள் வரக்கூடாது என்பது மூன்றுக்கும் பொதுக் கொள்கை. ஆனால் ஒவ்வொருவருக்கும் மற்ற இருவரும் அந்நியர்.

இத்தாலியர்கள் சோம்பேறிகள் என்று ஜேர்மன்காரர் தொடங்கினார். "உங்கள் நிதானம் எங்களுக்குப் பிடிக்கும்" என்று மொழிபெயர்த்தேன். இவர் பேசுவது நாய் குரைப்பதுபோல இருக்கிறது என்றார் இத்தாலியர். "உங்கள் குரலில் ஒரு காவல் உணர்வு இருக்கிறது" என்றேன். பிரெஞ்சு தெரியாதவனுக்கு என் மண்ணில் என்ன வேலை என்று கியூபெக்காரர் கேட்டார். "எங்கள் மண்ணில் உங்களைக் காண்பதே வியப்பு" என்றேன்.

மத்தியானம் மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள். எனக்கும் நிம்மதியாகச் சாப்பாடு இறங்கியது. மாலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

விஷயம் தெரிந்ததும் மகள் நிருஷா அழுதாள்.

"நீங்கள் உள்ளபடி சொல்லியிருந்தா, அவங்கள் அங்கேயே அடிபட்டுப் பிரிஞ்சிருப்பாங்கள், அம்மா."

"ஓம் பிள்ளை. அதாலதான் சொல்லேல்ல."

"அவங்கள் ஒண்டாச் சேர்ந்து நாட்டை விட்டுக் கலைக்கப் போறது எங்களைத்தானே?"

பிறகு ஜேர்மனியில், கொலோன் நகரில் அவர்களின் கூட்டு ஊர்வலம் நடந்தது. அங்கே என் தங்கை அஞ்சலீனாவின் கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். ஜேர்மன்காரன் கல்லை எடுத்துக் கொடுக்க, இத்தாலியன் எறிந்தானாம். அவ்வளவு ஒற்றுமை.

ஆம், அவர்களைச் சேர்த்துவைத்தது நான்தான். ஒப்பந்தத்தை மூன்று மொழியிலும் எழுதிக் கொடுத்ததும் நான்தான். எங்களைப் போன்றவர்களை "அடித்துத் துரத்த வேண்டும்" என்று அவர்கள் சொன்ன இடத்தில், நாளைக்கு அதை வாசிக்கும் உங்கள் மனம் நோகக்கூடாதே என்று, "வழியனுப்பி வைக்க வேண்டும்" என்று மாற்றிவிட்டேன்.