கத்திரிக்காய் சைவம்தான்

— கத்திரிக்கா சைவந்தானே டீச்சர்?

— கத்திரிக்கா சைவந்தாங்க. அது கெடந்த கொழம்பு?

— கொழம்புல பாதி புளிங்க. புளியும் சைவம்.

— மீதி பாதி?

— மீதி கருவாடு. ஆனா துண்டெல்லாம் எடுத்துட்டேன் டீச்சர். ஜன்னலாண்ட வெச்சி, பேன் பாக்குற மாதிரி பாத்துப் பாத்து எடுத்தேன். ஒரு முள்ளு இருந்துதுன்னு சொல்லுங்க, இந்தக் கண்ணாயிரம் மீசைய எடுத்துடறேன்.

— முள்ளு இல்ல. வாசன இருந்துச்சி. மூணாங் கிளாஸ் மொத்தமும் மூக்கப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. பக்கத்துல உக்கார்ற ஜீவா எழுந்து நின்னு, டீச்சர் எழில்மதி டப்பாவுல கருவாடுன்னு சொல்றான். அதுக்குள்ள உங்க பொண்ணு நாலு வாய் சாப்ட்டுட்டா.

— நாலு வாயா? நல்லா இருந்துச்சின்னாளா?

— இதாங்க இப்ப கேக்குற கேள்வி?

— இல்லீங்க, ஆக்குனவனுக்கு ஒரு ஆச இருக்கும்ல.

— ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. காய்கறிச் சட்டியில கவுச்சிக் கரண்டியப் போட்டாலே கண்டுபிடிச்சிட்ற பொண்ணு அது. நாலு வாய் எப்படி உள்ள போச்சு?

— நாலு நாளா ஜலதோசங்க. ரெண்டு மூக்கும் கல்லு மாதிரி அடைச்சிக்கினு இருக்குது. இத வுட்டா வேற சமயம் வாய்க்காதுன்னுதான்...

— அப்ப தெரியாம நடந்தது இல்ல. தெரிஞ்சே வெச்சிருக்கீங்க, சரிங்களா?

— மாட்டிக்கினேன். நம்ம கதையே இப்படித்தான் டீச்சர். எவனும் கேக்கறதுக்கு முன்னாடி நானே வாயக் குடுத்து மாட்டிக்குவேன்.

— சிரிக்காதீங்க. அவ கொழாயடிக்கு ஓடி, வெரல வுட்டு வாந்தியெடுத்தா. எட்டு தடவ வாய் கொப்புளிச்சா, நான் எண்ணுனேன். அப்புறம் போயி ஸ்கூல் கேட்டு கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னவதான். மத்தியானத்துலேர்ந்து ரோட்டையே பாக்குறா. அதோ, இப்பவும் நிக்குறா பாருங்க. ஒவ்வொரு வண்டிக்கும் எட்டி எட்டிப் பாக்குறா. அம்மா வரணும்னு பாக்குறியான்னேன், இல்லன்னா. அப்பாவான்னேன், அழுதா.

— என்னிய சொன்னதும் அழுதாளா?

— ஆமாங்க. அதான் நாலு மணிக்கு நீங்க வந்ததும் புடிச்சி நிறுத்துனேன். அவங்க அம்மா எங்க? திங்கக்கெழமலேர்ந்து டப்பாவப் பாத்தாலே தெரியுது, வேற கையின்னு.

— எலவனாசூர்கோட்டை போயிருக்குது டீச்சர், தங்கச்சி பிரசவத்துக்கு. அடுத்த வாரம் வந்துடும். போவ சொல்லோ என்னிய நிக்க வெச்சி ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிச்சி: எழிலு டப்பாவுல கவுச்சி மட்டும் பட்டுடக் கூடாது, வேற நீ எத வேணா கெடுத்துக்கோன்னு. அத மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்தயும் வரிசையா கெடுத்தேன். திங்கக்கெழம உப்புமா. டப்பாவக் கவுத்தா டப்பா ஷேப்புலயே நின்னுச்சாம்.

— பாத்தேன். மரத்தடியில வெச்சிட்டா. காக்கா வந்து கொத்திப் பாத்துட்டுப் போயிடுச்சு.

— செவ்வாக்கெழம ரசஞ்சோறு. மூடிய திருப்பிப் போட்டுட்டேன், வடக்கனந்தல்ல பஸ் ஏறுன ரசம் கள்ளக்குறிச்சி வர்றதுக்குள்ள கணக்கு நோட்டுல எறங்கிடுச்சி. புதன்கெழம நம்ம கொல்லையில புடுங்குன மரவள்ளிக் கெழங்க அவிச்சிக் குடுத்தேன். அது நல்லாதான் இருந்துது, உப்பு போட மறந்ததத் தவிர.

— அதுலயே இருந்திருக்கலாமே. கெழங்கு, எலுமிச்சஞ்சோறு, தயிர்சோறு. ஒரு தாய் மாசக்கணக்கா கட்டிக் குடுத்த சாப்பாடுதானேங்க.

— இருந்திருக்கலாங்க. ஆனா புள்ளையப் பாருங்க டீச்சர், முட்டி மட்டுந்தான் தெரியுது. முன்னெல்லாம் எப்படித் தின்னுவா தெரியுமா? கோமுகி டேம் மீனு வாங்கியாந்தா தல அவளுக்குத்தான். நான் வாலுக்கு மனு போடணும். பூனகூட எங்க வூட்டுப் பக்கம் வராது, ஒண்ணும் மிச்சமிருக்காதுன்னு. அந்தப் பொண்ணு இன்னிக்கி மீன்காரன் சத்தம் கேட்டா வூட்டுப் பின்னாடி பொடக்காளிக்குப் போயி நின்னுக்குது.

— எப்பலேர்ந்து இப்படி?

— போன புரட்டாசியிலேர்ந்து. புரட்டாசி ஆச்சே, பெருமாளுக்கு வுட்டுருப்பான்னு நெனச்சேன். ஐப்பசி வந்துது. தீபாவளிக்கு ஆட்டுக்கறி எடுத்துப் போட்டேன், எலய மூடிட்டு எழுந்துட்டா. இப்ப தையே முடியப் போவுது.

— ஏன்னு கேக்கலையா நீங்க?

— கேக்காத ஆளு இல்லீங்க. பொஞ்சாதியக் கேட்டேன். அம்சவள்ளி மொதல்ல பல்லு ஆடுதுன்னிச்சி. பல்லு வுழுந்து மொளச்சப்புறம், சூடு ஒடம்புன்னிச்சி. நெருக்கிக் கேட்டா, எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா, நான் சொல்ல மாட்டேன், நீ ஒண்ணும் ஜாஸ்தியா கேக்காதன்னு அடுப்பு ஊதப் போயிடுச்சி. மச்சானக் கேட்டேன், ஜோசியனக் காட்டுன்னான். புள்ளையக் கேட்டா, சும்மாதான்றா. ஒரு வூட்டுல ஒருத்தன் கேட்டா ஒருத்தராவது நேரா பதில் சொல்லணுமா இல்லியா?

— போன புரட்டாசின்னா, அந்த ரோடு மறியல் நடந்தப்பங்களா? அப்ப நீங்க...

— உள்ள இருந்தேன். முப்பத்திரெண்டு நாளு. தீபாவளிக்கு மொத நாளு வுட்டாங்க.

— எனக்குத் தெரியும். உங்க ஊர்ல மாலையெல்லாம் போட்டாங்கன்னு சொன்னாங்க. போராட்டத்துல உள்ள போயிட்டு வந்தவருன்னு.

— டீச்சர், உங்ககிட்ட இன்னா மறைக்கறது. நம்ம கதையக் கேளுங்க. இட ஒதுக்கீடு கேட்டு ஊரே ரோட்டுல எறங்குச்சி, மரத்த வெட்டிக் குறுக்கால போட்டாங்க, எல்லாம் நெஜம். அவங்களுக்கெல்லாம் மால போட்டா ஞாயம். நான் இன்னா பண்ணேன்? மறுநாள் காத்தால போய்ப் பாத்தா அவ்ளோ பெரிய புளியமரம் சும்மா கெடக்குது. ரெண்டு கெளய வெட்டிக்கினு வந்தா அடுப்புக்கு ஒரு மாசம் ஆவுமேன்னு அருவாளத் தூக்கிக்கினு போனேன். நான் வெட்டுறன், பின்னாடி போலீஸு வண்டி வந்து நிக்குது.

— ஐயோ.

— அருவா கையில, மரம் காலடியில. வெறகுக்கு வந்தேன்னு சொன்னா எந்த அதிகாரி நம்புவாரு? அவரு எடத்துல நான் இருந்தாலும் என்னிய நம்பியிருக்க மாட்டேன். உள்ள போனா அங்க எல்லாரும் கோசம் போடறாங்க. சரி, சோறு போடறாங்களேன்னு நானும் போட்டேன். திரும்பி வந்து எறங்கினா தார தப்பட்ட. மால கழுத்துல வுழுந்தப்புறம், இல்லீங்க நான் வெறகுக்குப் போனவன்னு எப்படிச் சொல்றது?

— சிரிக்க வெக்காதீங்க. நான் உங்க மேல கோவமா இருக்கேன்.

— இருங்க, நல்லா இருங்க. எனக்கே என் மேல இருக்குது. வெள்ளாடு மாதிரி மெல்லிசா இருக்குற பொண்ண ஏமாத்திட்டேன்ல.

— அப்ப அவகிட்டயே சொல்லுங்க. எழில்மதி, இங்க வா. அப்பா வந்து எவ்ளோ நேரமாச்சு பாரு. நீங்க பேசுங்க, நான் கிளாஸ் ரூமப் பூட்டிட்டு வரேன்.

— எழிலு. கிட்ட வாடி கண்ணு. அப்பா தப்பு பண்ணிட்டேன். தெரிஞ்சேதான் வெச்சேன். ரெண்டு அடி வேணா அடிச்சிடு, பைய எங்கிட்ட குடு.

— வூட்டுக்குப் போவலாம்பா.

— போவலாம். பஸ் ஸ்டாண்டாண்ட பன்னு வாங்கித் தரேன்.

— பஸ் ஸ்டாண்டு வாணாம்.

— பஸ்ஸு அங்கதான வரும்?

— வாணாம்பா. சந்து வழியா நடந்தே போவலாம்.

— வடக்கனந்தலுக்கா? போய்ச் சேர்றதுக்குள்ள நீ நாலாங் கிளாஸ் வந்துடுவ.

— அப்ப துண்ட எடுத்துத் தலையில போட்டுக்கோ. மூஞ்சி தெரியாம போட்டுக்கோ.

— ஓ. இந்தக் கருவாட்டு அப்பன யாரும் பாக்கக் கூடாதுன்னா? கிளாஸ்ல சிரிச்சிட்டாங்களா?

— ஜீவாதான் சிரிச்சான்.

— வெக்கமா இருக்குதா?

— இல்ல. சீக்கிரம் போட்டுக்கோப்பா.

— சரி, போட்டுக்கினேன். புதுப்பொண்ணு மாதிரி இருக்கேனா? சிரிக்க மாட்டியா? சரி, வுடு. எழிலு, ஒண்ணு கேக்கறேன், இன்னிக்காவது சொல்லு. நீ வளத்த கொண்டக் கோழிய நீ ஸ்கூலுக்குப் போனப்ப அறுத்துட்டேனே, அதுக்கா கவுச்சிய வுட்ட?

— இல்ல. அது நல்லா இருந்துச்சி.

— பின்ன? கவுச்சி தின்னா கிட்ட உக்கார மாட்டேன்னு இங்க யாராவது சொன்னாங்களா? சொல்லு, எவ்ளோ பெரிய இடமா இருந்தாலும் அப்பன் வந்து நிப்பேன்.

— யாரும் சொல்லலப்பா.

— மீனு புடிக்கலியா?

— புடிக்கும்.

— இப்பவுமா?

— கனவுல வருது.

— கனவுல வர்ற மீன ஏண்டி எலயில வேணான்ற? அம்மாகிட்ட இன்னா சத்தியம் வாங்குன?

— சொன்னா பலிக்காதுன்னுதான் வாங்குனேன்.

— எது பலிக்காது?

— அதான் இன்னிக்கே கெட்டுப் போச்சே. இனிமே சொன்னா இன்னா.

— எனக்கு ஒண்ணுமே புரியல கண்ணு. அழுவாத. மூக்கச் சிந்து, துண்டுலயே சிந்து, பரவால்ல. இங்க பாரு. நான் கேக்கறதுக்கு நேரா ஒரு பதில் சொல்லு போதும். மத்தியானத்துலேர்ந்து ஏன் அந்த ரோட்டையே பாத்துக்கினு நின்ன?

— போலீஸு உன்ன வுட்டுட்டா சாவற வரிக்கும் கவுச்சியே தொட மாட்டேன்னு மாரியாத்தாகிட்ட வேண்டிக்கினேன், ஆத்தா வுட்டுட்டா. இன்னிக்கி நான் நாலு வாய் தின்னுட்டேன்பா. உன்னப் புடிச்சிக்கினு போவ வண்டி எப்ப வரும்?