நடந்த ஒரே கூட்டம்

கிளார்க்: ...வந்திருந்தவர்கள்: தாளாளர், தலைமையாசிரியை, அலுவலக எழுத்தர். இதோட நிறுத்திக்கவாங்க ஐயா?

பெரியவர்: ஏன் நிறுத்தணும்?

கிளார்க்: இப்ப இந்த ஆபீஸ் ரூம்ல இருக்கிறது நாம மூணு பேர்தானே. தாளாளர்னு நீங்க, தலைமையாசிரியைன்னு உங்க மகள், எழுத்தர்னு நான். ஆனா படிவத்துல குறைஞ்சது அஞ்சு பேர்னு போட்டிருக்கு.

பெரியவர்: நடக்காத கூட்டத்துக்கு மூணு பேர் வந்தா என்ன, முப்பது பேர் வந்தா என்ன? போடு அஞ்சு.

மகள்: அப்பா, மெதுவா. ஜன்னல் திறந்திருக்கு.

பெரியவர்: இருக்கட்டுமே. பொய்யா எழுத வெக்கமில்லாதவங்க ஜன்னலுக்கு ஏன் வெக்கப்படணும்?

கிளார்க்: அப்ப மனநல ஆலோசகர் ஒருத்தர், பெற்றோர் சார்பா ஒருத்தர். பெற்றோருக்கு மேடமையே போட்டுடலாமா? தலைமையாசிரியையா ஒரு தடவை, பெற்றோரா ஒரு தடவை. அவங்க பொண்ணும் இங்கதானே படிக்...

மகள்: வேற யாரையாவது போடுங்க.

கிளார்க்: சரிங்க மேடம். வாய் தவறி வந்துடுச்சு.

பெரியவர்: உனக்கு வாய் தவறாத நாள் ஒண்ணு சொல்லு பார்ப்போம்.

மகள்: விடுங்கப்பா. வேலை நடக்கட்டும். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வந்துடுவாங்க. போன அக்டோபர்ல இருந்து இந்தச் செப்டம்பர் வரைக்கும் மாசம் ஒரு கூட்டம். பன்னெண்டு கூட்டத்துக்கும் குறிப்பு இருக்கணும். இருந்தாத்தான் 'குழந்தைகள் மனநலம் காக்கும் பள்ளி'ன்னு அங்கீகாரம் கொடுப்பாங்க.

பெரியவர்: கொடுத்து?

மகள்: வாசல்ல பலகை மாட்டுவோம்.

பெரியவர்: எங்கப்பா நாப்பது வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தினாரு. ஒரு பிள்ளை முகம் வாடியிருந்தா பேர் சொல்லிக் கூப்பிட்டு என்னடா கண்ணுன்னு கேப்பாரு. அதுக்கு எவனும் வந்து பலகை மாட்டல.

மகள்: இப்ப மாட்டினாத்தான் பெத்தவங்க உள்ள வர்றாங்க. இந்த வருஷம் ஒண்ணாம் வகுப்புல எத்தனை பிள்ளைங்க தெரியுமா உங்களுக்கு? பதினொண்ணு.

கிளார்க்: பன்னெண்டு மேடம். நேத்து ஒருத்தன் சேர்ந்தான். இன்னும் அழுதுகிட்டுத்தான் இருக்கான்.

பெரியவர்: அதையும் குறிப்புல எழுதிடு.

கிளார்க்: அது இந்த அக்டோபர்ங்க ஐயா. கணக்குல வராது. இந்தாங்க, போன அக்டோபர் முடிஞ்சது, நீல மை. நவம்பருக்குக் கறுப்பு எடுத்துக்கறேன். எல்லாம் ஒரே மையில இருந்தா ஒரே நாள்ல எழுதினதுன்னு கண்டுபிடிச்சுடுவாங்க. டிசம்பர் தாளைக் கொஞ்சம் கசக்கி வெச்சிருக்கேன். ஜனவரியில டீ சிந்தியிருக்கேன்.

பெரியவர்: முப்பது வருஷமா என்கிட்ட வேலை பார்க்கறே. இவ்வளவு திறமை உனக்குள்ள இருக்கறது இன்னிக்குத்தான் தெரியுது.

கிளார்க்: நீங்க இதுவரைக்கும் கேக்கலையேங்க.

மகள்: நவம்பருக்கு என்ன எழுதறது?

பெரியவர்: எழுது. மாணவர்களின் மனக்குறைகள் குறித்து விவாதிக்கப்பட்டது. குறைகள் எதுவும் இல்லை.

கிளார்க்: அக்டோபர்லயும் அதேதானே எழுதினோம்? மாசாமாசம் குறையே இல்லேன்னா நம்ப மாட்டாங்க ஐயா. சின்னதா ஒண்ணு வைக்கலாம். நாலாம் வகுப்புல ஒரு பிள்ளை, பென்சில் பெட்டி தொலைஞ்சு போய் ரெண்டு நாள் சாப்பிடல.

பெரியவர்: அதுக்கு நாம என்ன செஞ்சோம்?

கிளார்க்: ஆறுதல் சொன்னோம்.

பெரியவர்: யாரு?

கிளார்க்: ஆலோசகர்தான். வேற யாரு...

மகள்: அவங்க பேரை எழுத வேண்டாம்.

கிளார்க்: பேரை எழுதலைங்க, பதவியைத்தான் எழுதறேன். மார்ச் வரைக்கும் இருந்தாங்கல்ல? அதுவரைக்கும் சிக்கல் இல்ல. ஏப்ரல்ல இருந்து யாரைப் போடறது?

பெரியவர்: விளையாட்டு வாத்தியாரைப் போடு.

கிளார்க்: விசில் ஊதறவரையா? அவரைக் கண்டாத்தான் பிள்ளைங்க அழுவுது.

பெரியவர்: அப்ப பொருத்தமான ஆளுதான்.

மகள்: அப்பா, நான் ஒண்ணு சொல்லணும். சத்தம் போடக் கூடாது.

பெரியவர்: சத்தம் போடற மாதிரி எதையோ செஞ்சிருக்கே.

மகள்: நேத்து பாப்பா ரூம் கதவுக்குக் கீழ ஒரு சீட்டு வந்துச்சு.

பெரியவர்: கிளார்க் இருக்கான்.

மகள்: அவருக்குத் தெரியாதாக்கும்! ஏழு மாசமா ரூமை விட்டு வராதவளுக்கு ரெண்டு வேளையும் பின்கட்டு வீட்டு மாடிக்குச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கிட்டுப் போறது யாரு?

கிளார்க்: இன்னிக்கும் தட்டு அப்படியேதான் இருந்துச்சு மேடம். தண்ணி மட்டும் குடிச்சிருக்கு.

பெரியவர்: சீட்டுல என்ன?

மகள்: 'மிஸ் வருவாங்களா?' அவ்வளவுதான். ஏழு மாசத்துல எனக்கு அவ சொன்ன முதல் வார்த்தை.

பெரியவர்: எந்த மிஸ்?

மகள்: தெரியாத மாதிரி கேக்காதீங்கப்பா.

பெரியவர்: நீ என்ன செஞ்சே?

மகள்: ஆலோசகருக்குப் போன் பண்ணேன். பேச ஆரம்பிக்கறதுக்குள்ள எனக்கு அழுகை வந்துடுச்சு. அவங்க ஒண்ணும் கேக்கல. எப்ப வரணும்னு மட்டும் கேட்டாங்க.

பெரியவர்: வரக் கூடாது.

மகள்: அப்பா...

பெரியவர்: யோசிச்சுப் பேசு. அந்தம்மா நம்ம வீட்டுப் படி ஏறினா இந்தத் தெரு பார்க்கும். பிள்ளையைக் கன்னம் வீங்க அடிச்சவளை எதுக்கு மறுபடி உள்ள விட்டாங்கன்னு கேக்கும். என்ன பதில் சொல்வே?

மகள்: அவங்க அடிக்கலைன்னு சொல்வேன்.

கிளார்க்: என்ன மேடம் சொல்றீங்க? அன்னைக்கு நான் பேங்குல இருந்தேன். வந்ததும் ஆயாம்மாதான் சொன்னாங்க. இடைவேளையில ஆலோசகர் ரூம்ல இருந்து பாப்பா கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்துச்சு, எல்லாப் பிள்ளைங்களும் பார்த்துச்சுன்னு. அன்னைக்கே அந்தம்மாவை அனுப்பிட்டீங்க. நானும் நாலு பேர் கேட்டப்ப ஆமான்னு...

பெரியவர்: நான் யார்கிட்டயும் அப்படிச் சொல்லல.

கிளார்க்: நீங்க சொல்லலைங்க.

பெரியவர்: கேட்டவங்ககிட்ட இல்லைன்னும் சொல்லல. அவ்வளவுதான்.

மகள்: அந்தம்மாவுக்கு அதுக்கப்புறம் எங்கயும் வேலை கிடைக்கலப்பா. வீட்டுல உக்காந்து துணி தைக்கறாங்க.

பெரியவர்: தைக்கட்டும். கௌரவமான தொழில்தான்.

மகள்: பாப்பாவை ஒரு டாக்டர்கிட்டயாவது காட்டலாம்.

பெரியவர்: எந்த டாக்டர்? அவன் வாசல்ல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா உனக்கு? நம்ம குடும்பத்துல அப்படி யாருக்கும் கிடையாது.

மகள்: சித்தப்பா?

பெரியவர்: என் தம்பிக்கு என்ன? அவன் கோபக்காரன்.

மகள்: பதினாறு வருஷம் ரூமை விட்டு வெளியில வரல. அதுக்குப் பேர் கோபமா?

பெரியவர்: ...பாப்பாவோட அப்பாகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கே?

மகள்: பரீட்சைக்குப் படிக்கறா, அதான் போன்ல பேச மாட்டேங்கறான்னு. அவரும் நல்லாப் படிக்கச் சொல்லுன்னு வெச்சுடறாரு. கப்பல்ல இருக்கறவரால வேற என்ன செய்ய முடியும்?

கிளார்க்: ஐயாவும் தினம் சாயங்காலம் அந்த மாடிப்படியிலதான் உக்காந்திருக்காரு மேடம். பாப்பா கதவுக்கு நாலு படி கீழ.

பெரியவர்: காத்து வரும். அதுக்காக உக்காருவேன். நீ பிப்ரவரியை முடிச்சியா?

கிளார்க்: முடிச்சாச்சுங்க. குறை ஒண்ணு, நடவடிக்கை ஒண்ணு.

பெரியவர்: மார்ச் எழுது.

கிளார்க்: மார்ச் எழுத வேண்டியதில்லைங்க.

பெரியவர்: ஏன்?

கிளார்க்: மார்ச் இருக்கு.

மகள்: இருக்குன்னா?

கிளார்க்: நடந்துச்சே மேடம். மார்ச் ஒன்பதாம் தேதி. ஆலோசகரே எழுதிக் கொண்டு வந்தாங்க. நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டீங்க. கோப்புல வைங்கன்னாங்க, வெச்சேன். என் வேலை அதுதானே.

பெரியவர்: கிழிச்சுப் போடு.

மகள்: கொடுங்க, படிக்கறேன்... என்னால முடியல. நீங்களே படிங்க.

பெரியவர்: அது எதுக்கு இப்ப?

மகள்: படிங்க!

கிளார்க்: 'எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் மூன்று மாதங்களாக இரவில் தூங்குவதில்லை. வகுப்பில் கைகள் நடுங்குகின்றன. தான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று இரண்டு முறை கூறியிருக்கிறார். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று ஆலோசகர் கேட்டுக்கொண்டார். மாணவியின் தாயும் தாத்தாவும் இதே கூட்டத்தில் இருந்ததால், குடும்பத்தாருக்குத் தனியே தகவல் அனுப்பத் தேவை எழவில்லை...'

மகள்: மேல படிங்க.

கிளார்க்: 'முடிவு: பரிந்துரை ஏற்கப்படவில்லை. குடும்ப விஷயம் குடும்பத்துக்குள் இருக்க வேண்டும் என்று தாளாளர் கூறினார். மாணவி இனி ஆலோசகர் அறைக்குப் போகக் கூடாது என்று தலைமையாசிரியை கூறினார்.' கீழ மூணு கையெழுத்து.

பெரியவர்: என் கையெழுத்துதான். இல்லைன்னு சொல்லல.

கிளார்க்: பன்னெண்டுல இது ஒண்ணுதாங்க அசல்.

பெரியவர்: அதனாலதான் அது இருக்கக் கூடாது. புதுத் தாள் எடு. மார்ச். மாணவர்களின் மனக்குறைகள் குறித்து விவாதிக்கப்பட்டது. குறைகள் எதுவும் இல்லை. எழுதிட்டியா? கொடு. நான் போட்டுட்டேன். நீ போடும்மா.

மகள்: பேனாவை எடுத்துட்டேன். போட வரலப்பா.

பெரியவர்: போடு. நாளைக்கு அவங்க போகட்டும். அப்புறம் பாப்பாவை என்ன செய்யறதுன்னு பேசுவோம்.

மகள்: மார்ச்லயும் இதையேதான் சொன்னீங்க. பரீட்சை முடியட்டும், பேசுவோம்னு.

பெரியவர்: உன் தாத்தா பேர்ல இருக்கற பள்ளிக்கூடம்மா இது.

மகள்: மாடியில இருக்கறது என் பொண்ணுப்பா.

கிளார்க்: மேடம், போன் அடிக்குது. அங்கீகாரக் குழு நம்பர் மாதிரி இருக்கு. ஸ்பீக்கர்ல போடறேன்.

மதிப்பீட்டாளர்: வணக்கங்க. நாளைக்கு உங்க பள்ளிக்கு வர்ற மதிப்பீட்டாளர் பேசறேன். தலைமையாசிரியை இருக்காங்களா?

மகள்: நான்தான். சொல்லுங்க.

மதிப்பீட்டாளர்: ஒரு சின்ன விவரம் மேடம். கோப்பு நாளைக்குப் பார்த்துக்கறோம். வெளியில விசாரிச்சதுல ஒரு விஷயம் காதுல விழுந்துச்சு. மார்ச் மாசம் உங்க ஆலோசகர் ஒரு மாணவியை அடிச்சாங்க, அன்னைக்கே அவங்களை வேலையை விட்டு அனுப்பிட்டீங்கன்னு.

மகள்: அது வந்து...

மதிப்பீட்டாளர்: தயங்காதீங்க மேடம், இது உங்களுக்கு நல்லதுதான். 'உடனடி நடவடிக்கை'ன்னு ஒரு பகுதி இருக்கு, அதுக்குப் பத்து மதிப்பெண். பெரும்பாலான பள்ளிக்கூடம் மூடி மறைச்சுடும். நீங்க மறைக்கலையே, அதுதான் பெரிய விஷயம்.

பெரியவர்: தாளாளர் பேசறேன். எல்லாத்தையும் நாளைக்கு நேர்ல பேசிக்கலாமே.

மதிப்பீட்டாளர்: வணக்கம் ஐயா. நேர்ல முடியாதுங்க, இந்தப் பகுதியை இன்னிக்கே அனுப்பணும். நடந்தது உண்மைதான்னு தலைமையாசிரியை வாயால ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அந்த ஆலோசகர் பேரையும் சொல்லிட்டா மத்த பள்ளிகளுக்கும் தெரிவிச்சுடுவோம். பிள்ளைங்க பக்கமே அவங்க இனி வராம பார்த்துக்கலாம்.

பெரியவர்: ஆமான்னு சொல்லும்மா. ஒரே ஒரு வார்த்தை.

கிளார்க்: மேடம், பேனா... மை சொட்டுது.

பெரியவர்: போனைக் கையால பொத்திட்டேன், அவங்களுக்குக் கேக்காது. இத்தனை நாள் பேசாம இருந்தோம். இன்னிக்கு ஒரு ஆமா. அவ்வளவுதான் வித்தியாசம்.

மதிப்பீட்டாளர்: மேடம், லைன்ல இருக்கீங்களா? ஆலோசகர் அந்த மாணவியை அடிச்சது உண்மைதானே?

மகள்: இல்லைங்க. அவங்க அடிக்கல. போகாதேன்னு சொன்னதுக்கப்புறமும் அவங்க ரூமுக்குப் போச்சுன்னு அந்தப் பிள்ளையை அடிச்சது நான். அதோட அம்மா.