கசப்பில் குறையில்லை

அந்த வருடம் பதுளையில் மழை பிந்தி வந்ததா, முந்தியே நின்றுவிட்டதா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. காய்ச்சல் வந்தது நிச்சயம். நான் சொல்வதில் முன்பின் இருந்தால் எழுதிக்கொள்கிற ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அரசாங்க மருந்துச்சாலைகளுக்கு மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினாத் தண்ணீர் கொடுக்கும் கொந்தராத்து என் கடைக்குக் கிடைத்திருந்தது. கொயினா கப்பலில் வர வேண்டும். நிலவேம்பு கடையிலேயே மூட்டையாகக் கிடந்தது. இரண்டும் கசக்கும். முதல் பெட்டியில் பாதிக்குப் பாதி கலந்தேன். மருந்துச்சாலையில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி நல்லையா ஒரு சொட்டை நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தார்.

"ஆளைக் கொல்லுற கசப்பு, முதலாளி" என்று சிரித்தபடி பெட்டியை உள்ளே எடுக்கச் சொன்னார்.

அடுத்த பெட்டிகளில் கொயினாவே இல்லை. வீட்டில் மட்டும் அசல் ஒரு புட்டி வைத்திருந்தேன். பிள்ளைகள் இருக்கிற வீடு.

ஒரு நாள் மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து வேலாயி வந்தாள். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். மேசையில் ஒரு புட்டியை வைத்தாள். பாதி மீதி இருந்தது.

"மக போயிட்டா, மொதலாளி. இது ஒங்க கடை மருந்துன்னாங்க. வேற புள்ளைக்கு ஆகும்ல?"

நான் வாங்கி வைத்தேன். அவள் போகவில்லை.

"எல்லாம் என்னாலதாங்க. கசக்குதுன்னு அழுதா. மனசு கேக்காம ஒவ்வொரு தடவையும் கருப்பட்டி குடுத்தேன். இனிப்புப் பட்டு மருந்து முறிஞ்சிருச்சுங்களா?"

நான் பேசாமலே இருந்திருக்கலாம். ஆனால் கேட்டவளுக்குப் பதில் சொல்வது மரியாதை.

"ஆமா வேலாயி. முறிஞ்சிரும்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அந்தப் புட்டியை நிரப்பி அடுத்த பெட்டியோடு அனுப்பினேன்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய் மற்றத் தாய்மாரிடமும் அதைச் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு அங்கே காய்ச்சலில் கிடந்த எந்தப் பிள்ளைக்கும் யாரும் கருப்பட்டி கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் வாயில் கசப்போடே போனார்கள்.

கொழும்பில் ஒரு புட்டியைச் சோதித்தார்கள்; அதனால் நான் இந்தச் சிறையில் இருக்கிறேன். நல்லையாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கொந்தராத்து இப்போது என் தம்பி ஜெயராசா பெயரில் இருக்கிறது. என் பிள்ளைகள் சுகம். வேலாயி இன்னும் கொழுந்து பறிக்கிறாள். இனிப்பை வாயில் வைப்பதில்லையாம்.

கலந்தது நான்தான். ஆனால் ஐயா எழுதும்போது இதையும் எழுத வேண்டும்: கசப்பில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.