வாய்க்கால் பாலத்து மண்

பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்று யார் சொன்னது? விளக்கை அணைத்துவிட்டு ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே... இது நடந்தது நல்ல உச்சிவெயிலில். முக்கூடல் பக்கம் ஒரு வாய்க்கால் பாலம். இரண்டு பக்கமும் வாழை. ரோட்டில் ஒரு காக்காய்கூடக் கிடையாது.

நம் குமரகுருபரனின் சித்தப்பா மகன் ஐயம்பெருமாளுக்கு நடந்தது. தங்கச்சி மகள் விஜயஸ்ரீயைப் பைக்கில் வைத்து அவன் வந்துகொண்டிருந்தான். அவளுக்கு ஏழு வயசு. மாமாவின் பெல்ட்டில் விரலை மாட்டிக்கொண்டுதான் எப்போதும் உட்காருவாள். அந்தப் பாலத்தில் நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது.

திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்தது. எலும்பும் சேர்ந்துகொண்டிருந்தது. ஆனால் விஜயஸ்ரீ பேசவில்லை. இட்லியை ஊட்டினால் அது வாயிலேயே இருக்கும். கூப்பிட்டால், முன்பின் தெரியாதவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். அந்தப் பார்வையைத்தான் ஐயம்பெருமாளால் தாங்க முடியவில்லை. தன்னால்தானே என்று கட்டில் காலடியிலேயே கிடந்தான்.

"தலையில ஒரு குறையும் இல்ல. பயந்திருக்கா, பைய பேசுவா" என்றார் டாக்டர்.

தங்கச்சி இசக்கிச்செல்விக்கு அது போதவில்லை.

"எண்ணே, பிள்ள இங்கன இல்ல. விழுந்த இடத்துலயே நிக்கா. உச்சிப்பொழுதுல போயி, அவ பேரச் சொல்லி மூணு தரம் கூப்பிட்டு, அந்த மண்ண அள்ளிட்டு வா. திரும்பிப் பாக்காத."

போனான். பாலத்துச் சுவரில் அங்கே செத்துப்போன யாருக்கோ யாரோ கட்டிய மாலை காய்ந்து நாராகத் தொங்கியது. குனிந்து மண்ணை அள்ளித் துண்டில் முடிந்தான். கூப்பிட வாயெடுத்தபோது... வாழைத்தார் ஏற்றிய வேன் ஒன்று வந்தது. உள்ளே நாலு ஆண்கள். மீசை வைத்த ஆம்பளை ஒருவன் நடுரோட்டில் நின்று மண்ணைப் பார்த்துக் கூவினால் சிரிக்கமாட்டார்களா? வெட்கம். பெயரை விழுங்கிவிட்டான். வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான்.

"வாம்மா... போவோம்."

மூன்று தரம்.

பைக்கை எடுத்தான். பின்சக்கரம் பைய அமுங்கியது. பாசி வாடை. பிடரியில் ஈரமாக ஒரு மூச்சு... அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை வந்துவிட்டாள் என்று சந்தோஷம் வேறு. அழுதுகொண்டே ஓட்டினான். பெல்ட்டை யாரும் பிடிக்கவில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

இசக்கிச்செல்வி மண்ணைச் சுற்றிப் போட்டாள். சாயங்காலமே பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தின்றது. நர்ஸ் வாக்கரை வைத்ததும், வலி என்று ஒரு முனகல்கூட இல்லாமல் நடந்தது. வார்டே வாயைப் பிளந்தது. இசக்கிச்செல்வி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பிள்ளை அவள் தோளுக்கு மேலே ஐயம்பெருமாளைப் பார்த்துக் கேட்டது.

"அண்ணாச்சி... இவிய யாரு?"

மருந்து மயக்கம் என்றார்கள். அவனுக்கு மட்டும் அந்தத் தலைமுடியில் பாசி வாடை அடித்தது.

மறுநாள் உச்சிக்கு அதே பாலம். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே வாழைக்குள்ளிருந்து... மெல்லிசாக...

"மாமா... எம் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க மாமா. நேத்து நீங்க கூப்பிடலியே."

இந்த முறை வெட்கம் இல்லை. தொண்டை கிழியக் கூவினான்.

"விஜயஸ்ரீ! வா தாயி! மாமா வந்திருக்கேன்!"

அந்த வழியாகப் போன பஸ் நின்று வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்! பின்சக்கரம் அமுங்கியது. பெல்ட்டில் இரண்டு சின்னக் கைகள் விரலை மாட்டின. அவனுக்குத் தெரியாத பிடியா அது? வழியெல்லாம் அவளோடு பேசிக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரிப் படியேறும்போதும் அந்தப் பிடி விடவில்லை.

வார்டு வாசலில் செருப்பைக் கழற்றினான். கட்டிலில் கிடந்த பிள்ளை கண்ணைத் திறக்காமலே சொன்னது.

"அவள அங்கனயே நிறுத்துங்க அண்ணாச்சி. இங்கன ஒரு கட்டில்தான இருக்கு."

பெல்ட்டில் மாட்டியிருந்த விரல்கள்... ஒவ்வொன்றாக... விட்டன.