அளகுராணி டாட் இன்

…ஒரு மாட்டாண்ட தோத்துட்டம்மா நானு! சிரிக்காத, சிரிச்சா புருவம் கோணிக்கும். ரெண்டு கையாலயும் தோல இழுத்து புடி… ஆங், அப்படி. வலிக்குதா? எனக்கு வலிச்சத கேளு மொதல்ல.

வரும்போது போர்டு பாத்த இல்ல? அளகுராணி பியூட்டி பார்லர். செஞ்சில எத்தினி பார்லர் வந்தாலும், சுத்துப்பட்டு கல்யாணப் பொண்ணுங்க இந்த மோனிகாவ தான் தேடிக்கினு வரும். எங்க வூட்டுக்காரரு இளவழகன், மைக்செட் கட்றவரு, அவருக்கு அந்த வாய் மட்டும் அடங்காது. ஒரு நாளு வந்து, "எல்லாரும் போன்ல தேடறாங்க, நம்ம கடைக்கும் வெப்சைட்டு வேணும், பேரு டாட் இன்னு முடியணும், அதான் நம்ம நாட்டுக்கு குடுத்தது"ன்றாரு. நாடு எனக்கு எதுக்கு? எனக்கு முகூர்த்தம் தான வேணும்! சரி, வாங்கித் தொலைன்னேன்.

அய்யய்யோ, ஒரு பேரு வாங்க எத்தினி சட்டம்ன்ற! எடம் வுட்டு எழுதக்கூடாதாம். நடுவுல சின்னதா ஒரு கோடு போடலாமாம், ஆனா மொதல்லயும் கூடாதாம், கடைசிலயும் கூடாதாம். கோடு எங்க நிக்கணும்னு எனக்கே சொல்லித் தரான் பாரு, புருவம் எடுக்கறவளுக்கு! அப்புறம் அந்த ழ இருக்குது பாரு, அதுக்கு இங்கிலீஸ்ல இசட்டு எச்சு போடணும்னாரு இவரு. யோவ், நம்மூர்ல எவன்யா அத சொல்றான், எல்லாருக்கும் அளகு தான, எல்லு போடுன்னேன். போட்டாரு… அந்த பக்கம் திரும்பு.

இன்னொரு சட்டம், யாரு மொதல்ல கேக்கறாங்களோ அவங்களுக்கு தான் பேரு. பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கற கணக்கா. நாங்க தான் மொதல்ல போட்டோம். கெடச்சிடுச்சி! போர்டு, விசிட்டிங் கார்டு, ஷேர் ஆட்டோ முதுவு, எல்லாத்துலயும் டாட் இன்னு அடிச்சாச்சி. அப்புறமா பேரு குடுத்தவன்கிட்ட இருந்து மெயிலு வருது, பேரு வாங்கன ஆளு யாருன்னு ஆதார் காட்டுங்கன்னு. காட்டனோம். ஒத்துக்கல. பேர புடுங்கிட்டான்! ஏன்னு கேக்காத, வர்றேன், கண்ண மூடு.

புடுங்கன பேர அடுத்து யாரு எடுத்தா தெரியுமா? அனந்தபுரம் செல்லப்பன். பால் வியாபாரம். அவரு கறவ மாட்டுக்கு பேரு அளகுராணி! அவரும் எல்லு போட்டே எடுத்திருக்காரு, வாய் அவருக்கும் நம்ம வாய் தான?

எங்க கார்ட பாத்து தொறந்தா மாடு நிக்குதும்மா! கொம்புல பெயிண்டு, கழுத்துல மால. கீழ செல்லப்பன் நம்பரு. அவலூர்பேட்டைல இருந்து ஒரு அம்மா அவருக்கு போன் போட்டு, "எங்க பொண்ணு கல்யாணத்துக்கு அளகுராணி ஃப்ரீயா?"ன்னு கேட்டிருக்காங்க. செல்லப்பன், "இப்ப முடியாதும்மா, சினையா இருக்குது, கன்னு போடட்டும்"னு சொல்லிட்டாரு. அந்தம்மா போயி, செஞ்சி பார்லர்காரி முழுவாம இருக்காளாம்னு ஊரெல்லாம் பரப்பிடுச்சி. எங்க மாமியா எலுமிச்சங்கா ஊறுகா கொண்டாந்து வச்சிட்டாங்க! தை மாச முகூர்த்தம் ஒண்ணு பாக்கி இல்லாம பக்கத்து பார்லருக்கு போயிடுச்சி. டென்ஷன் ஆவுமா ஆவாதா, நீயே சொல்லு.

வுடுவேனா? வழக்கு போடலாமாம், அதுக்கும் சட்டம் வச்சிருக்கான். அந்த பேரு நம்ம பேருன்னு காட்டணும், எதிராளிக்கு அதுல பாத்தியத, அதான் உரிம, இருக்கக்கூடாது, கெட்ட எண்ணத்துல எடுத்திருக்கணும். அவர ஒரு கை பாத்துடலாம்னு பஸ் ஏறி அனந்தபுரம் போய் எறங்கனேன். செல்லப்பன் வைக்கல் போட்டுக்கினு இருந்தாரு. வெவரத்த சொன்னேன். அவரு "அளகுராணி"ன்னு ஒரு கொரல் குடுத்தாரு. மாடு டக்குனு திரும்பிச்சி. நானும் கூப்ட்டு பாத்தேன். அப்பவும் திரும்பிச்சி! பாத்தியத போச்சா? கெட்ட எண்ணம்னு சொல்லலாம்னா… அது என் கைய நக்குதும்மா.

ஆனா நல்ல மனுசன். "எடுத்துக்கம்மா, மாடு இன்னா போன் பாக்கவா போவுது"ன்னாரு. மாத்தி எழுதறதுக்கு ஆதார்ல இருக்கற பேர சொல்லுன்னாரு. அங்க தான் நான் மாட்டிக்கினேன். மொதல்ல புடுங்கனானே, அதுவும் இதுக்கு தான்… நான் மோனிகான்னு குடுத்திருந்தேன், ஆதார்ல மீனம்பாள்னு இருக்குது. இன்னா பண்றது, எங்க நைனா வச்சது! மீனம்பாள்கிட்ட எவம்மா வந்து ஃபேஷியல் பண்ணிக்கும்? எங்க வூட்டுக்காரரு அப்பவே தலபாடா அடிச்சிக்கினாரு, நெஜ பேர போடுடின்னு. நான் கேக்கல. இப்பவும் கேக்கல. மாடே வச்சிக்கட்டும்னு வந்துட்டேன்.

செல்லப்பனுக்கு மனசு கேக்கல போல. மாடு போட்டோக்கு கீழயே, "கல்யாண மேக்கப்புக்கு செஞ்சி மோனிகா"ன்னு என் நம்பரையும் போட்டு வுட்டாரு. மாட்டு புண்ணியத்துல கூட்டம் திரும்பி வந்துச்சி, பொய் சொல்லக்கூடாது.

நேத்து பாரு, கல்யாணப் பொண்ணு, அவங்க அம்மா, அத்தன்னு கடை நெறைய ஆளு. கையெல்லாம் க்ரீமு, அதனால போன ஸ்பீக்கர்ல போட்டேன். ஒருத்தன் கேக்கறான், "மோனிகா வேளைக்கு எத்தினி லிட்டர் கறக்கும்? பல்லு எத்தினி போட்டிருக்குது?"

எனக்கு வந்துச்சி பாரு கோவம்! "யோவ், மோனிகாவும் இல்ல ஒண்ணும் இல்ல, நான் மீனம்பாள்யா, மனுஷி!"ன்னு கத்திட்டேன்.

கடைல எல்லாரும் என்ன திரும்பி பாத்தாங்க. செத்தேன்னு நெனச்சேன். அந்த கல்யாணப் பொண்ணு கண்ணாடிலயே என்ன பாத்து, "மீனம்பாக்கா, கொண்ட இறுக்கி புடிக்குது, கொஞ்சம் தளத்தி வுடுங்க"ன்னுது.

இன்னா சொல்றது… தளத்தி வுட்டேன்.