நான் கழித்த இருபத்திரண்டு

என் பெயர் அப்பாதுரை. வயது எழுபத்தொன்று. தந்தை பெயர் முருகையன், காலமாகிவிட்டார். திருவண்ணாமலை, அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய தெருவில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். என் மனைவி சரசு இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் ரேவதி. அவள் கணவர் சரவணகுமார் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார்.

இன்று அக்டோபர் 11, சனிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். என் மாப்பிள்ளை 8ஆம் தேதி கொடுத்த புகாரின் பேரில், செவிலியர் அன்புச்செல்வியை இன்று மாலை நான்கு மணிக்கு விசாரணைக்கு வரச் சொல்லியிருப்பதாக அறிந்தேன். அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன். நான் இரண்டு முறை எழுந்து வாசல் வரை போய்த் திரும்பியதைப் பார்த்து, எழுதிக்கொள்ளும் தலைமைக் காவலர் வல்லரசு, "உக்காருங்க சார், நாங்க எங்கயும் ஓடிட மாட்டோம்" என்றார். உதவி ஆய்வாளர் வேதா அம்மையார், முதலிலிருந்து நாள் வாரியாகச் சொல்லும்படி கூறினார். அப்படியே சொல்கிறேன்.

கடந்த ஆகஸ்ட் மாதம் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காக ரேவதி என் வீட்டுக்கு வந்தாள். வீட்டில் பெண் துணை இல்லை. ஓசூரிலேயே இருக்கட்டும் என்று சம்பந்தி வீட்டார் சொன்னார்கள். ரேவதி கேட்கவில்லை. "எங்கப்பா அம்மாவ விட நல்லா பாத்துக்குவாரு" என்று அவர்களிடம் சொன்னாள். அதன் பிறகு மாப்பிள்ளை, 'பேறுதுணை' என்ற கைப்பேசிச் செயலியில் அவளைச் சேர்த்துவிட்டார். அந்த நிறுவனத்தார் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை அனுப்பினார்கள். தினமும் காலையிலும் மாலையிலும் நான் அளவெடுத்துச் செயலியில் பதிய வேண்டும். அதன் பிறகு ஒரு செவிலியர் காணொளியில் வந்து பேசுவார். அளவு 140-க்கு 90 ஆனால் செயலி சிவப்பாகும், உடனே மருத்துவர் இணைப்பில் வருவார் என்று சொல்லப்பட்டிருந்தது.

எங்களுக்கு அமைந்த செவிலியர் அன்புச்செல்வி. இருபத்தைந்து வயது இருக்கும். அவர் சென்னையில் இருந்து பேசுவதாகத்தான் நினைத்திருந்தோம். ஒருநாள் அவருக்குப் பின்னால் யாரோ வேர்க்கடலை மூட்டையை இழுத்துப் போனதைப் பார்த்து ரேவதி கேட்க, தான் கீழ்பென்னாத்தூரில் தன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகச் சொன்னார். அதன் பிறகு இருவரும் ஊர்க்காரர்கள் போலப் பேசிக்கொண்டார்கள். ரேவதி அவரை அன்பு என்றே கூப்பிடுவாள். கருவியின் பட்டையை எப்படிக் கட்டுவது என்று எனக்குக் காட்டிக் கொடுத்தவரும் அவர்தான். "ஐயா, மெஷின்ல என்ன வருதோ அத அப்படியே போடுங்க, போதும்" என்று முதல் நாளே சொன்னார். இதை நான் மறக்கவில்லை.

நான் எண்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, நேரம், அளவு என்று கட்டம் போட்டு எழுதி வந்தேன். பட்டையைக் கழற்றியதும் ரேவதி ஒவ்வொரு முறையும், "எவ்ளோப்பா?" என்று கேட்பாள். நான் சொல்வேன். அக்டோபர் 2ஆம் தேதி வரை 118-க்கு 76, அதையொட்டி ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தது.

அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு 144-க்கு 94 என்று காட்டியது. ஒரே இரவில் இருபத்தாறு ஏறாது என்று நினைத்தேன். அளவு திடீரென்று மாறினால் முதலில் கருவியைச் சந்தேகப்பட வேண்டும் என்றுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆகையால் பட்டையை என் கையில் கட்டிப் பார்த்தேன். 152-க்கு 94 வந்தது. போன மாதம் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் எனக்கு 130-க்கு 80. எனவே கருவி மேலே இருபத்திரண்டும் கீழே பதினான்கும் கூடுதலாகக் காட்டுகிறது என்று முடிவு செய்தேன். இதைப் பாடத்தில் சுழிப்பிழை என்போம். ஒன்றுமே அளக்காதபோதும் கருவி ஏதாவது காட்டினால், எடுக்கும் ஒவ்வொரு அளவிலும் அதைக் கழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். நோட்டின் ஓரத்தில் பென்சிலால் 22, 14 என்று குறித்துக்கொண்டேன். கழித்ததும் ரேவதிக்கு 122-க்கு 80 வந்தது. முந்தைய நாள் அளவுக்குப் பக்கத்தில் இருந்ததால், செய்தது சரிதான் என்று நிம்மதி அடைந்தேன். அதையே செயலியில் பதிந்தேன். ரேவதி "எவ்ளோப்பா?" என்றபோதும் அதையே சொன்னேன்.

கழித்ததைச் செவிலியரிடம் ஏன் சொல்லவில்லை என்று உதவி ஆய்வாளர் கேட்டார். சொன்னால் ஒரு கருவியைக்கூடச் சரியாகக் கையாளத் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டேன். இந்தக் கிழவரிடம் விட்டது தப்பு என்று மாப்பிள்ளை அவளை ஓசூருக்கு அழைத்துப் போய்விடுவாரோ என்றும் பயந்தேன். இவை இரண்டுதானா, வேறு ஏதும் உண்டா என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். செயலி சிவப்பாவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்பதும் ஒன்று.

அதன் பிறகு 4ஆம் தேதி காலை கருவியில் 148-க்கு 96. நான் பதிந்தது 126-க்கு 82. 5ஆம் தேதி காலை கருவியில் 152-க்கு 98. பதிந்தது 130-க்கு 84. மாலை அளவுகளும் இவ்வாறே. நோட்டில் கழித்த எண்ணைப் பேனாவாலும், கருவி காட்டிய எண்ணை ஓரத்தில் பென்சிலாலும் எழுதியிருக்கிறேன். எல்லா எண்ணிலும் ஒரே அளவைக் கழித்துக்கொண்டிருந்ததால், கழிக்காத எண்ணும் தினமும் ஏறுகிறது என்பதை நான் பார்த்தும் பார்க்கவில்லை.

அக்டோபர் 6, திங்கட்கிழமை, பௌர்ணமி. காலை எட்டு மணிக்குக் கருவியில் 158-க்கு 102. பதிந்தது 136-க்கு 88. உடனே அன்புச்செல்வி காணொளியில் வந்தார். தலைவலி, கண் மங்கல், வீக்கம் உண்டா என்று ரேவதியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். "தலை கொஞ்சம் கனமா இருக்கு அன்பு, நைட்டு பூரா தெருவுல ஒரே ஸ்பீக்கர் சத்தம், தூக்கமே இல்ல" என்று ரேவதி சொன்னாள். அதன் பிறகு அன்புச்செல்வி என்னிடம், "ஐயா, நாலு நாளா ஏறிக்கிட்டே வருது. எனக்குச் சரியாப் படல. மத்தியானம் ஒண்ணரைக்கு இன்னொரு தடவ எடுத்து அனுப்புங்க. நூத்தி நாப்பதத் தொட்டாலே வண்டி புடிச்சுக் கெளம்பிடுங்க. பௌர்ணமி, அப்பறம் ரோடு அடைச்சிடுவாங்க" என்றார். சரி என்றேன்.

மதியம் ஒன்றரைக்கு எடுத்தேன். கருவியில் 162-க்கு 104. கழித்தால் 140-க்கு 90. தொட்டுவிட்டது. நான் அதைப் பதியவில்லை. நான் பட்டையைச் சரியாகக் கட்டாமல் இருந்திருக்கலாம், அவள் அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருந்தாள், சற்றுப் படுத்தபின் எடுத்தால் ஒன்றிரண்டு குறையும் என்று நினைத்தேன். "எவ்ளோப்பா?" என்றாள். "இரும்மா, மறுபடி எடுக்கறேன்" என்றேன். அவள் தூங்கிவிட்டாள். நான் கூடத்துக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவளை எழுப்பவில்லை.

மூன்றரை மணிக்கு அன்புச்செல்வி தானாகவே அழைத்தார். அளவு வரவில்லையே என்று கேட்டார். நான் கைப்பேசியுடன் அறைக்குள் போனேன். அந்த நேரத்தில் ரேவதிக்கு வலிப்பு வந்தது. நான் கத்தியதாகப் பக்கத்து வீட்டு ராமதாஸ் சொல்கிறார். எனக்கு நினைவில்லை. அன்புச்செல்வி இணைப்பைத் துண்டிக்காமல் இன்னொரு கைப்பேசியில் 108-ஐ அழைத்தார். தெருவில் கிரிவலம் போய்க்கொண்டிருந்த சிலர் சத்தம் கேட்டு உள்ளே வந்து, ஒருவர் சாவிக்கொத்தை ரேவதியின் கையில் திணிக்கப் பார்த்தார். அன்புச்செல்வி கைப்பேசிக்குள்ளிருந்து, "சாவியெல்லாம் வேணாங்க! வாயில எதுவும் வைக்காதீங்க! இடது பக்கமா திருப்பிப் படுக்க வைங்க! ஐயா, ஐயா, நான் சொல்றது கேக்குதா?" என்று சத்தம் போட்டார். அவர் சொன்னபடி ராமதாஸ்தான் செய்தார். நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆம்புலன்ஸ் கூட்டத்தைத் தாண்டி எங்கள் தெருவுக்கு வர முடியவில்லை. அரை கிலோமீட்டர் தள்ளி நின்றுவிட்டது. ராமதாஸ் பௌர்ணமிக்காக இளநீர்க் கடை போட்டிருந்தார். தள்ளுவண்டியைச் சாய்த்து அத்தனை காயையும் தரையில் கொட்டினார். உருண்டோடிய காய் ஒன்றை நான் குனிந்து எடுத்திருக்கிறேன். "சார், காயி கெடக்கட்டும், கால புடிங்க சார் கால!" என்று அவர் என்னை அதட்டினார். வண்டியில் அவளைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். ஜனங்கள் வழி விட்டார்கள். அதன் பிறகு மருத்துவமனையில் சேர்த்து, மாலை ஆறு மணிக்கு அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோ எழுநூறு கிராம். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள், ரேவதிக்கு நினைவு திரும்பவில்லை.

இரவு ஏழரை மணிக்கு ஓசூரிலிருந்து மாப்பிள்ளை வந்தார். எட்டு மணிக்கு அன்புச்செல்வி பேருந்து பிடித்து அங்கேயே வந்துவிட்டார். அவரை அன்றுதான் நேரில் பார்த்தேன். திரையில் தெரிந்ததைவிடச் சிறிய உருவம். மாப்பிள்ளை எல்லார் முன்னாலும், "நார்மல் நார்மல்னு சொல்லியே எம்பொண்டாட்டிய சாவடிக்கப் பாத்தியே! நீயெல்லாம் நர்ஸா?" என்றார். அன்புச்செல்வி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

8ஆம் தேதி மாப்பிள்ளை இங்கே புகார் கொடுத்தார். அதில் சாட்சியாக என் கையெழுத்தைக் கேட்டார். போட்டேன். செயலியில் பதிந்த அளவுகள் யாவும் கருவியில் வந்தவையே என்று அதில் எழுதியிருந்தது. படித்துப் பார்த்துத்தான் போட்டேன். அது உண்மையல்ல.

9ஆம் தேதி பகலில் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். கருவி மேசைமேல் இருந்தது. அதில் எடுத்த அளவுகள் தேதியோடு உள்ளேயே பதிவாகியிருக்கும். பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று அதன் கையேட்டில் படித்திருந்தேன். அழுத்தினேன். மனதுக்குள் மூன்று வரை எண்ணினேன். அதன் பிறகு விரலை எடுத்துவிட்டேன். மனசாட்சி என்று சொல்ல ஆசைதான். விரல் தானாகவே வழுக்கியதாகவும் இருக்கலாம். எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

அன்று மாலை அன்புச்செல்வி என்னை அழைத்தார். நிறுவனத்தார் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டதாகவும், காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்திருப்பதாகவும் சொன்னார். என்னைக் குறை சொல்ல அழைத்திருப்பார் என்று நினைத்தேன். அவர், "ஐயா, அன்னிக்குக் காலைல நான் ஏதாவது கேக்காம வுட்டுட்டனா? மூணு நாளா ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாக்கறேன், புடிபடல. உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். இல்லையம்மா என்று வைத்துவிட்டேன்.

10ஆம் தேதி காலை கருவியை மருத்துவமனைக்கு எடுத்துப் போய், வார்டில் இருந்த செவிலியர் ஒருவரிடம் சரிபார்க்கச் சொன்னேன். அவர் தங்கள் கருவியையும் என் கருவியையும் மாற்றி மாற்றி என் கையிலேயே கட்டினார். ஒன்று 154 காட்டியது, மற்றொன்று 156. "மெஷின்ல ஒரு கோளாறும் இல்லீங்க. உங்களுக்குத்தான் பிரஷர் ஜாஸ்தி. மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்றார். அதாவது 3ஆம் தேதி கருவி காட்டியது, கலக்கத்தில் ஏறியிருந்த என் சொந்த ரத்த அழுத்தத்தை. அதைத்தான் நான் என் மகளின் கணக்கிலிருந்து கழித்திருக்கிறேன்.

நேற்று மாலை ஐந்து மணிக்கு ரேவதிக்கு நினைவு திரும்பியது. கண் மங்கலாகத்தான் தெரிகிறது என்றாள். நான் யாரென்று குரலை வைத்துத் தெரிந்துகொண்டாள். அவள் கையில் பட்டை கட்டியிருந்தது. அது இறுகித் தளர்ந்ததும், பழக்கத்தில், "எவ்ளோப்பா?" என்றாள். தலைமாட்டில் இருந்த திரையைப் பார்த்து, 146-க்கு 94 என்று இருந்தபடியே சொன்னேன். "ஜாஸ்திதான்" என்றாள். அதன் பிறகு, "அன்புகிட்ட சொல்லிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இங்கே வர முடிவு செய்தேன்.

கருவியையும் நோட்டையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். உதவி ஆய்வாளர் என் முன்னிலையில் கருவியின் பொத்தானை அழுத்தி, பதிவான அளவுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். அக்டோபர் 6 பகல் 1.32-க்கு 162 என்று அவர் படித்தபோது தலைமைக் காவலர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எழுதிக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன்.

செவிலியர் அன்புச்செல்வி தன் கடமையில் தவறவில்லை. அவருக்கு நான் கொடுத்த எண்கள் தவறானவை. 8ஆம் தேதிப் புகாரில் நான் சாட்சியாகக் கையெழுத்திட்டதும் தவறு. இவற்றுக்கு உரிய நடவடிக்கை எதுவானாலும் என்மேல்தான் எடுக்கப்பட வேண்டும்.

என் மாப்பிள்ளை இப்போது நிலையத்துக்கு வெளியே என்னைத் திரும்ப அழைத்துப் போக வண்டியுடன் நிற்கிறார். புகாருக்கு வலு சேர்க்கும்படி ஏதோ கூடுதலாகச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். குழந்தை இன்னும் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டதும் முதலில் அவரிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்றும், அதன் பிறகு நான்கு மணி வரை இங்கேயே இருந்து அன்புச்செல்வியிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றும் அனுமதி கேட்டேன். உதவி ஆய்வாளர், "இருங்க சார்" என்றார்.

இவை யாவும் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நானே சொன்னவை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது நடந்தபடியே இருக்கிறது. இதில் நான் எதையும் கழிக்கவில்லை.

(ஒப்பம்) மு. அப்பாதுரை
11 அக்டோபர், பகல் 1.20 மணி

என் முன்னிலையில்,
(ஒப்பம்) வேதா, உதவி ஆய்வாளர்